கயெதேவா மொமிஜியா: ஒரே மரம், இரண்டு பெயர், தமிழில் என்ன செய்வது?

தேன்சிட்டு:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

சிறுவர் இதழ் ஒன்றுக்காக ஒரு ஜப்பானியக் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பக்கம்தான். ஒரு பாட்டியும் பேத்தியும் மலைக்கோயில் படிகளில் ஏறுகிறார்கள். கதை தொடங்கும்போது வசந்தம். வாசலில் நிற்கும் மரத்தைக் காட்டி "இது கயெதே" என்று பாட்டி சொல்லிக்கொடுக்கிறாள். கதை முடியும்போது நவம்பர். பேத்தி முன்னால் ஓடிப்போய் அதே மரத்தடியில் நின்று "மொமிஜி!" என்று கத்துகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது.

என்னிடம் உள்ள அகராதி இரண்டு சொல்லுக்கும் 'மேப்பிள்' என்றே பொருள் தருகிறது. இரண்டு இடத்திலும் மேப்பிள் என்று போட்டுப் பார்த்தேன். கடைசி வரி செத்துப்போகிறது. பாட்டி சொன்ன பெயரைக் குழந்தை திருப்பிச் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

புதுமாணவி:

அக்கா, இது எங்கள் வகுப்பிலேயே வந்தது. கயெதே என்றால் மரம். மொமிஜி என்றால் அந்த மரத்தின் சிவந்த இலை. ஆசிரியர் இப்படித்தான் சொன்னார். முதல் இடத்தில் 'மேப்பிள் மரம்', கடைசியில் 'சிவப்பு இலை' என்று போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஒசாக்கா ராஜா:

தங்கை சொன்னது பாதி சரி. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன், அதனால் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

மே, ஜூன் மாதங்களில் கியோட்டோ போனால் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் 'அவோ-மொமிஜி' பார்க்க வாருங்கள் என்று சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். அவோ என்றால் இங்கே பச்சை. மொமிஜி என்பதற்குச் சிவந்த இலை என்று மட்டும்தான் பொருள் என்றால், பச்சை மொமிஜி எப்படி இருக்க முடியும்? பூங்காவில் மரத்தில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பாருங்கள்: இரோஹா மொமிஜி, யாமா மொமிஜி, ஓ மொமிஜி. அவையும் மரத்தின் பெயர்கள்தாம், பன்னிரண்டு மாதமும் அதே பெயர்தான்.

இன்னொரு பக்கம், மேப்பிளே இல்லாத மரத்தின் இலை சிவந்தாலும் மொமிஜி என்பார்கள். செர்ரி மரம் சிவந்தால் 'சகுரா மொமிஜி'. சீமைப் பனிச்சை இலை சிவந்தால் 'காக்கி மொமிஜி'. மலைச் சரிவில் புல் நிறம் மாறினால் 'குசா மொமிஜி', அதாவது புல் மொமிஜி. இவையெல்லாம் ஹைக்கூக்காரர்களின் பருவச்சொல் தொகுப்பில் இருக்கின்றன.

ஆக மொமிஜி சில சமயம் ஒரு மரம், சில சமயம் எந்த மரத்துக்கும் நடக்கிற ஒன்று. கயெதே எப்போதும் மரம் மட்டும்தான்.

தேன்சிட்டு:

"எந்த மரத்துக்கும் நடக்கிற ஒன்று" என்பது எனக்குப் புதிது. அப்படியானால் தாவரவியல் இந்த இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

இலைநரம்பு:

முப்பது வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் என்கிற உரிமையில் வருகிறேன் அம்மா. பதில் சுருக்கமானது: பிரிப்பதே இல்லை. கயெதே, மொமிஜி இரண்டும் ஏசர் என்ற ஒரே பேரினம். எதன் பெயர் மொமிஜி என்று முடியும், எதன் பெயர் கயெதே என்று முடியும் என்பது வழக்கத்தால் வந்தது. பொதுவாக விரல்போல் ஆழமாகப் பிளந்த இலைக்கு மொமிஜி, பிளவு குறைந்த இலைக்கு கயெதே. இதுவும் கண்டிப்பான விதி இல்லை.

இரோஹா மொமிஜிதான் ஜப்பானிய மேப்பிள் என்று உலகம் அறிந்த மரம். ஸ்வீடனைச் சேர்ந்த துன்பெர்க் 1784இல் இதற்கு ஏசர் பால்மாட்டம் என்று பெயர் வைத்தார். பால்மாட்டம் என்றால் உள்ளங்கை போன்றது. ஜப்பானியப் பெயர் இதைவிட அழகு. 'இரோஹா' என்பது அவர்களுடைய பழைய எழுத்து வரிசை. 47 எழுத்தும் ஒவ்வொரு முறை மட்டும் வரும்படி அமைந்த ஒரு செய்யுள். நாம் அ, ஆ, இ, ஈ சொல்வதுபோலப் பிள்ளைகள் இலையின் நுனிகளைத் தொட்டு இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே, தோ என்று எண்ணுவார்களாம். ஏழு விரல், ஏழு எழுத்து. அதுவே மரத்தின் பெயராகிவிட்டது.

ஜப்பானியர் தங்கள் மேப்பிள்களுக்கு வைத்த பெயர்களைப் படிப்பது எனக்கு இன்னும் சலிக்கவில்லை. ஹவுச்சிவா கயெதேவின் இலை இறகு விசிறிபோல் அகலமானது, அதுதான் அந்தப் பெயரின் பொருளும். உரிஹதா கயெதே என்றால் வெள்ளரித் தோல் மேப்பிள். பட்டை பச்சையாக, கருங்கோடு ஓடி, அப்படியே இருக்கும். இத்தாயா கயெதே என்பது பலகைக் கூரை மேப்பிள். மழை ஒழுகாத கூரைபோல் இலைகள் அடர்ந்து மூடும். மெகுசுரி-நோ-கி என்றால் கண்மருந்து மரம். பட்டையைக் காய்ச்சிக் கண் கழுவினார்கள். சிதோரி-நோ-கி இலையைப் பார்த்தால் மேப்பிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விரலே கிடையாது, நீள்வட்டமாக, பக்க நரம்புகள் வரிசையாக இருக்கும். காய் மட்டும் சிறகு விரித்த உப்புக்கொத்திப் பறவைபோல் இருக்கும். பெயர் அதிலிருந்து வந்தது.

அப்படியானால் மேப்பிளை எப்படி அடையாளம் காண்பது? இலையின் வடிவத்தை நம்பாதீர்கள். கிளையில் இலைகள் எதிரெதிரே இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு காயைப் பாருங்கள், இரண்டு சிறகு சேர்ந்திருக்கும். இரண்டும் இருந்தால் மேப்பிள். இலைகள் மாறி மாறி ஒற்றையாக இருந்தால், வடிவம் எப்படி இருந்தாலும் அது மேப்பிள் இல்லை. காஷ்மீர் சினாரை மேப்பிள் என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஒரு சேதி. பழைய நூல்களில் மேப்பிளுக்கென்று தனிக் குடும்பம் இருக்கும். இப்போது அதைப் பூந்திக்கொட்டைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஜப்பானியரும் அந்தக் குடும்பத்தைப் பூந்திக்கொட்டையின் பெயரால்தான் அழைக்கிறார்கள், அவர்கள் மொழியில் முகுரோஜி. நாம் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தானும் அதே குடும்பம். அந்தச் செந்நிற மலைகளுக்கு நம் வேலியோரக் கொடி உறவு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

தொட்டிமரம்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். குன்னூரில் இருக்கிறேன், போன்சாய் வளர்க்கிறேன். மூன்று வருடம் முன்பு 'ஜப்பான் மேப்பிள்' என்று ஒரு கன்று வாங்கினேன். எங்கே வாங்கினேன் என்பது வேண்டாம். ஐந்து விரல் இலை, டிசம்பரில் நன்றாகச் சிவக்கும். வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

இலைகள் மாறி மாறித்தான் இருக்கின்றன. ஒரு கிளையில்கூட எதிரெதிரே இல்லை. மனசு விட்டுப்போயிற்று.

இலைநரம்பு:

வருத்தப்படாதீர்கள். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பிசின் வாசனை வந்தால் அது லிக்விடாம்பர் என்ற வேறொரு மரம். அமெரிக்க வகையாக இருக்கும். ஜப்பானியரே அதை 'மொமிஜி-பா-ஃபூ' என்கிறார்கள், மொமிஜி இலை கொண்ட ஃபூ மரம். காய்க்கும் வயது வந்தால் முள் உருண்டையாகத் தொங்கும், சிறகு இருக்காது.

தொட்டிமரம்:

வாசனை வருகிறது. சரி, தெரிந்துகொண்டேன்.

பழம்பாடல்:

தொட்டிமரம் அண்ணா, உங்கள் மரத்துக்கு ஒரு பெரிய உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

கயெதே என்பதை எழுத ஜப்பானியர் பயன்படுத்தும் கான்ஜி என்ற சீன எழுத்தில் இடப்பக்கம் 'மரம்', வலப்பக்கம் 'காற்று'. சீனத்தில் அந்த எழுத்து பிறந்தபோது அது குறித்தது மேப்பிளை அல்ல, லிக்விடாம்பரின் சீன வகையை. அந்த மரம் அப்போது ஜப்பானில் இல்லை. சீனக் கவிதைகளில் இலையுதிர் காலத்தில் சிவக்கும் ஒரு மரமாக அந்த எழுத்தைப் படித்தவர்கள், தங்கள் மலையில் சிவக்கும் மரத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். உண்மையான மரம் எடோ காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் முன்பாதியில்தான் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் எழுத்து கைமாறிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. வந்த மரத்துக்கு அந்த எழுத்தின் சீன ஒலியையே பெயராக வைத்தார்கள்: ஃபூ. எழுத்து ஒன்று, மரம் இரண்டு. பழைய சீனக் கவிதையின் ஜப்பானிய உரைகளில் 'இங்கே மேப்பிள் என்று கொள்ள வேண்டாம்' என்று குறிப்பு வருவது இதனால்தான்.

இனி தேன்சிட்டு கேட்டதற்கு வருகிறேன். பழைய ஜப்பானியப் பாடல்கள்தான் நான் வாசிப்பது, அதனால் கொஞ்சம் நீளும்.

கயெதே என்ற சொல்லின் பழைய வடிவம் கயெருதே. கயெரு என்றால் தவளை, தே என்றால் கை. சேரும்போது 'தே' மெலிந்து ஒலிக்கும். தவளைக் கை. விரித்த விரலும் நடுவில் சவ்வுமாக, ஆழமில்லாத பிளவுள்ள இலையை நினைத்துப் பாருங்கள், பெயர் அப்படியே பொருந்தும். நம் சங்கப் பாட்டில் நொச்சி இலையை மயிலின் அடி என்றும், அடும்பின் பிளந்த இலையை மானின் அடி என்றும் சொன்ன அதே கண்தான்.

மொமிஜி அப்படிப் பிறந்த சொல் இல்லை. அது ஒரு வினை. பழைய ஜப்பானியத்தில் 'மொமித்ஸு' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. இலை நிறம் மாறுவது என்பதே அதன் பொருள், எந்த மரமானாலும் சரி, புல்லானாலும் சரி. அந்த வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான் மொமிச்சி, பிறகு மொமிஜி. ராஜா அண்ணா சொன்ன 'எந்த மரத்துக்கும் நடக்கிற ஒன்று' என்பதன் வேர் இது.

8ஆம் நூற்றாண்டில் தொகுத்த மன்யோஷு என்ற பாடல் தொகுப்பில் இரண்டு சொல்லும் ஒரே பாட்டில் சேர்ந்து நிற்கும் இடங்கள் உண்டு. ஒன்றில், தமுரா என்ற இடத்து மூத்த மகள் தன் தங்கைக்கு எழுதுகிறாள்: என் வீட்டு முற்றத்தில் நிறம் மாறும் கயெருதேவைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைக்கிறேன், ஏங்காத நாளில்லை. கயெருதே என்று வாசிக்கும் சொல்லைச் 'சேவல் கொண்டை மரம்' என்ற பொருளில் கான்ஜியால் எழுதும் பழைய வழக்கமும் உண்டு. தவளை, சேவல் என்று இந்த மரத்துக்கு உயிரினங்களோடு என்ன உறவோ!

இன்னொன்று கிழக்கு நாட்டுப்புறப் பாடல். காதலன் சொல்கிறான்: கொமோச்சி மலையின் இளம் கயெருதே நிறம் மாறும்வரை உன்னோடு உறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை, நீ என்ன நினைக்கிறாய்?

தேன்சிட்டு, இந்த இரண்டாவது பாட்டை உங்கள் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசந்தத்தில் இளம் இலை, அது கயெருதே. இலையுதிர் காலத்தில் அது 'மொமித்ஸு'. நடுவில் ஒரு கோடை முழுக்க ஓடிப்போகிறது. உங்கள் கதாசிரியர் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் நடுவில் வைத்திருப்பதும் அதே கோடைதான்.

தேன்சிட்டு:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேத்தி கத்துவது ஒரு பெயரை இல்லை, நடந்துவிட்ட ஒன்றை! இது தெரியாமல் நான்கு நாள் பெயருக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. மொமிஜி என்று எழுதும் கான்ஜியில் 'சிவப்பு' இருக்கிறதே, அப்படியானால் அது நிறத்தின் பெயர்தானே?

பழம்பாடல்:

அந்தச் சிவப்பு பிறகு வந்தது. மன்யோஷுவில் மொமிஜியைப் பெரும்பாலும் 'மஞ்சள் இலை' என்ற எழுத்துகளால்தான் எழுதினார்கள். அந்தக் காலத்துச் சீன வழக்கத்தைப் பின்பற்றி எழுதியது அது. அவர்கள் பாடிய மொமிஜியில் ஹாகி போன்ற மஞ்சளாகும் செடிகளும் அடக்கம். அதற்கு அடுத்து வந்த ஹெயான் காலத்தில்தான் 'சிவப்பு இலை' என்ற எழுத்து நிலைத்தது. அதே இரண்டு எழுத்தைச் சீன ஒலியில் வாசித்தால் 'கோயோ', ஜப்பானியச் சொல்லாக வாசித்தால் மொமிஜி. செய்தியில் வானிலைக்காரர் சொல்வது கோயோ.

மானும் மொமிஜியும் சேர்ந்து வரும் புகழ்பெற்ற பாட்டு ஒன்று உண்டு. ஆழ்மலையில் மொமிஜியை மிதித்துவரும் மானின் குரல் கேட்கும்போதுதான் இலையுதிர் காலத்தின் துயரம் தெரிகிறது என்பது அது. நூறு கவிஞர் தொகுப்பில் ஐந்தாவது பாட்டு, ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அதில் உதிர்ந்து கிடப்பது மேப்பிளே இல்லை, ஹாகியின் மஞ்சள் இலை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பிற்காலத்து ஓவியர்கள் எல்லோரும் மானின் காலடியில் சிவந்த மேப்பிளையே வரைந்தார்கள். அந்தக் காட்சிதான் நிலைத்துவிட்டது.

ஹெய்கே போர்க்கதையிலிருந்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 12ஆம் நூற்றாண்டுப் பேரரசர் தகாகுரா, அப்போது சுமார் பத்து வயதுப் பையன். மொமிஜி மேல் அப்படி ஒரு ஆசை. அரண்மனையின் வட வாசலில் சின்னக் குன்று ஒன்றை எழுப்பச் சொல்லி, அழகாக நிறம் மாறிய ஹாஜி மரங்களையும் கயெதே மரங்களையும் நட்டு, அதற்கு 'மொமிஜி மலை' என்று பெயர் வைத்தார். மூலத்தில் இது ஒரே வாக்கியம். கயெதே மரமாக வருகிறது, மொமிஜி ஒருமுறை வினையாக வருகிறது, ஒருமுறை மலையின் பெயராக வருகிறது. எனக்குத் தெரிந்து இந்த இழையின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது.

ஒரு நாள் இரவு புயல் அடித்து இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. விடியற்காலையில் வந்த வேலையாட்கள் வழக்கம்போல் கூட்டிப் பெருக்கி, குளிருக்கு அந்த இலையை எரித்து சாக்கேயைச் சூடாக்கிக் குடித்துவிட்டார்கள். காவல் அதிகாரி நடுங்கிப்போனார். சிறையா, நாடுகடத்தலா என்று எல்லோரும் பயந்து நிற்கிறார்கள். பேரரசர் வந்து பார்த்துச் சிரித்தார். 'காட்டு நடுவே மதுவைச் சூடாக்கச் சிவந்த இலையை எரித்தேன்' என்று சீனக் கவிஞர் பாய் சூயி பாடியிருக்கிறாரே, இவர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது, எவ்வளவு நயம் என்றார். யாருக்கும் தண்டனை இல்லை.

ஸ்காபரோ சிவா:

வாசிக்க வாசிக்க நல்லா இருக்கு. நான் கனடாவிலை இருக்கிறன். இங்கை மேப்பிள் எண்டால் கொடி, பாணி, தளபாடம். பிள்ளையள் அந்தச் சிறகுக் காயைப் பிரிச்சு மூக்கிலை ஒட்டி விளையாடுங்கள். இங்கத்தைச் சர்க்கரை மேப்பிளும் நல்லாச் சிவக்கும், ஆனால் ஆக்கள் பாட்டு எழுதினது குறைவு, பாணி காய்ச்சினதுதான் கூட. ஜப்பான்காரர் கனடா மேப்பிளை என்னெண்டு சொல்லுவினம்?

ஒசாக்கா ராஜா:

சாத்தோ கயெதே, சர்க்கரைக் கயெதே. கவனியுங்கள் அண்ணா, வெளிநாட்டு மேப்பிள் எதற்கும் மொமிஜி என்ற பெயர் எளிதில் வராது. பாணியை 'மேப்புரு சிரோப்பு' என்று இரவலாகவே சொல்லிவிடுவார்கள். மொமிஜி பாணி என்று யாராவது சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது.

சாப்பாட்டுப் பக்கம் வந்தது நல்லது, அங்கே மொமிஜி நிறைய இருக்கிறது. ஒசாக்காவுக்கு வடக்கே மினோ என்ற ஊரில் அருவிக்குப் போகும் வழியெல்லாம் மொமிஜி தெம்புரா விற்கிறார்கள். இலையை ஒரு வருடம் உப்பில் ஊறவைத்து, இனிப்பு மாவில் தோய்த்துப் பொரிப்பது. முறுக்கு மாதிரி நொறுங்கும், எள் வாசனையோடு. அதற்கு எடுப்பது இச்சிக்யோஜி கயெதே என்ற, மஞ்சளாக மாறும் வகை. மரத்தில் இருக்கும்போது கயெதே, எண்ணெயில் விழுந்தால் மொமிஜி!

ஹிரோஷிமா பக்கம் மியாஜிமா தீவில் இலை வடிவ அச்சில் வார்த்த மொமிஜி மன்ஜு உண்டு, உள்ளே பயற்றுப் பூரணம். 1906இல் தொடங்கியது. முள்ளங்கியில் மிளகாயைச் செருகித் துருவினால் அது மொமிஜி ஒரோஷி. ராமென் கடையில் கோழிக்கால் பாதத்துக்கு மொமிஜி என்று பெயர், வடிவத்தைப் பாருங்கள் தெரியும். மான் இறைச்சிக்கும் மொமிஜி என்பதே பழைய குழூஉக்குறி. பழம்பாடல் சொன்ன பாட்டிலிருந்து வந்தது, ஹானாபூடா சீட்டில் பத்தாம் மாதத்து அட்டையில் மானும் மேப்பிளும் சேர்ந்தே இருக்கும்.

சோயா சாறில் ஊறவைத்து மாவு தடவிப் பொரிக்கும் கோழி 'தாத்சுதா-ஆகே'. தாத்சுதா என்பது நாராவில் ஓடும் ஆறு, மொமிஜி மிதப்பதற்குக் கவிதையில் பேர் போனது. பொரித்த கோழியின் செம்பழுப்பில் வெள்ளை மாவு திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பார்த்து அந்த ஆற்றை நினைத்திருக்கிறார்கள்.

கைக்குழந்தையின் கையை மொமிஜி போன்ற கை என்பார்கள். என் மகள் பிறந்த அன்று செவிலியர் அவள் விரலைப் பிரித்துக் காட்டி இதையேதான் சொன்னார். அப்போது எனக்குப் பாதிதான் புரிந்தது. முகம் சிவந்துவிட்டால் 'முகத்தில் மொமிஜியை உதிர்த்தாள்' என்று ஒரு பழைய வழக்கு.

புதுமாணவி:

அண்ணா, வயதானவர்கள் கார் ஓட்டும்போது ஒட்டும் குறிக்கும் மொமிஜி குறி என்று பெயர் இருந்ததே?

ஒசாக்கா ராஜா:

ஆமாம், மறந்துவிட்டேன். 1997இல் வந்தது. ஆரஞ்சும் மஞ்சளுமான நீர்த்துளி வடிவம். முறையான பெயர் முதியோர் குறிதான், மக்கள் மொமிஜி குறி என்றார்கள். அதையே சிலர் 'சருகுக் குறி', 'உதிர்ந்த இலைக் குறி' என்று சொல்ல, பெரியவர்கள் மனம் புண்பட்டுப்போனார்கள். 2011இல் நான்கு இலைக் குளோவர் வடிவத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியது சரி என்பது என் கருத்து. பிடித்த மரமானாலும், ஒருவர் வயதை அவர் காரின் பின்னால் உதிரும் இலையாக ஒட்டுவது நன்றாக இல்லை.

தொட்டிமரம்:

போன்சாய்க்காரர்கள் பேச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குள் 'மொமிஜி' என்றால் ஐயா சொன்ன இரோஹா வகை, 'கயெதே' என்றால் மூன்று முனை உள்ள தோ-கயெதே. சீனத்திலிருந்து வந்த மேப்பிள். பாறையை வேர் கவ்விப்பிடிக்கும் போன்சாய்க்கு அதைவிட நல்ல மரம் இல்லை. கண்காட்சியில் யாராவது 'இது மொமிஜியா கயெதேவா' என்று கேட்டால், மரமா நிறமா என்று கேட்கவில்லை, எந்த இனம் என்று கேட்கிறார்கள் என்று பொருள்.

தோட்ட வகைகளின் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். ஷிஷிகஷிரா, சிங்கத் தலை. இலை சுருண்டு சுருண்டு பிடரிபோல் இருக்கும். ஓசகாசுகி, பெரிய மதுக்கிண்ணம். சாங்கோகாகு, பவளக் கோபுரம். இலை உதிர்ந்த பிறகு குளிர்காலத்தில் கிளையே சிவக்கும். கோதோ-நோ-இதோ, யாழின் நரம்பு. இலை நூல் நூலாக இருக்கும். ஷிகிதாட்சு சாவா என்ற வகைக்கு, உள்ளான் பறவை எழும் சதுப்பு நிலம் என்று பொருள். சாய்க்யோ துறவியின் பாட்டு வரி அது. ஒரு நாற்றங்கால்காரர் கன்றுக்குப் பெயர் வைக்க 12ஆம் நூற்றாண்டுப் பாட்டைத் தேடி எடுத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

தேன்சிட்டு:

இனி என் வேலைக்கு வருகிறேன். கயெதேவை அப்படியே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன், குழந்தைகள் புதிய மரத்தின் பெயரை விரும்பிக் கற்பார்கள். மொமிஜிக்கு வினைதான் வேண்டும். தமிழில் 'பழுத்தல்' இருக்கிறதே! இலை பழுத்தது என்கிறோம். பழுப்பு என்ற நிறப்பெயரே அதிலிருந்து வந்ததுதான். "பாட்டி, இலை பழுத்திருச்சு!" எப்படி?

பழம்பாடல்:

வினையைத் தேடியது மிகச் சரி. ஆனால் பழுத்தல் எனக்கு உறுத்துகிறது. நமக்குக் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் பழுப்பு முடிவுக்கு முந்தியது. 'பழுத்த இலை' என்றதும் நாளை உதிரப்போகிறது என்று காது எதிர்பார்க்கும். பக்கத்தில் பாட்டி வேறு நிற்கிறாள். கதையின் கடைசிச் சொல் அவள் மேல் போய் விழுந்துவிடும். ராஜா அண்ணா சொன்ன கார் குறி நினைவிருக்கிறதா?

இலைநரம்பு:

இதில் தாவரவியலும் பழம்பாடல் பக்கம்தான். மஞ்சள் இலையில் நடப்பது வேறு, சிவப்பு இலையில் நடப்பது வேறு. பச்சையம் சிதைந்ததும் முன்பே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி இல்லை. ஆந்தோசயனின் என்ற நிறமி பெரும்பாலும் அந்த இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாகிறது. இலையில் சர்க்கரை தேங்க வேண்டும், பகலில் வெயில் வேண்டும், இரவில் குளிர் வேண்டும். அதனால்தான் பள்ளத்தாக்குகளில் நிறம் ஆழமாக வருகிறது. மரம் அந்த வாரத்தில் புதிதாக ஒன்றைச் செய்கிறது அம்மா. 'சிவத்தல்' என்பதே அதற்குப் பொருத்தம்.

நம் ஊர் நாட்டு வாதுமையைப் பார்த்திருப்பீர்கள். உதிருமுன் ஒவ்வொரு இலையாக இரத்தச் சிவப்பாகும். அதை நம் பிள்ளைகள் "பழுத்துருச்சு" என்று சொல்லிக் கேட்டதில்லை. "செவந்துருச்சு" என்றுதான் சொல்வார்கள்.

ஸ்காபரோ சிவா:

ஓம், எனக்கும் 'சிவந்திட்டுது' தான் சரியாப் படுது. சின்னப்பிள்ளை ஓடிப்போய்க் கத்துறதுக்கு அதிலை ஒரு சந்தோசம் இருக்கு.

தேன்சிட்டு:

முடிவு செய்துவிட்டேன். கடைசி வரி: "பாட்டி! செவந்துருச்சு!" மரத்தின் பெயர்கூட இல்லை. பாட்டியின் முதல் வரி "இது கயெதே" என்று அப்படியே இருக்கும். அதற்குப் பக்கத்தில் தவளைக் கையைப் பற்றி ஒரு வரி சேர்க்க ஆசையாக இருந்தது. மூலத்தில் இல்லாததால் விட்டுவிட்டேன். இதழாசிரியர் கேட்டால் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகத் தரலாம், இலையை விரித்து அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ என்று ஏழு நுனியை எண்ணச் சொல்லி.

இன்னொன்று. கதைக்குப் படம் வரைபவர் முதல் பக்கத்தை அனுப்பியிருந்தார். அழகான படம். ஆனால் கிளையில் இலைகள் மாறி மாறி இருந்தன. இலைநரம்பு ஐயா சொன்னதை அவரிடம் சொன்னேன். இன்று மாலை திருத்தி அனுப்பியிருக்கிறார், எல்லா இலையும் ஜோடி ஜோடியாக.

தொட்டிமரம்:

படம் அச்சில் வந்ததும் இங்கே சொல்லுங்கள். என் மரத்தின் தொட்டியில் பெயர்ச்சீட்டை மாற்றிவிட்டேன். மரம், காற்று என்று அந்த ஒரு கான்ஜியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அது அதற்கே உரியதுதானே.